சலான் வந்துவிட்டது: கட்டுவதா, எதிர்ப்பதா, யாரிடம் ஆலோசனை கேட்பது?

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதற்குள் இரண்டு அரசுகள், இரண்டு காவல் துறைகள், இரண்டு அபராதப் பட்டியல்கள். முதலியார்பேட்டையில் புறப்பட்டு அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் தாண்டி முள்ளோடையைக் கடந்தால் ஆட்சி மாறிவிடுகிறது. புதுச்சேரியின் சிவப்புத் தொப்பிக் காவலரிடம் தப்பித்தவர் கடலூர் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் நிற்பதும், அங்கே தப்பித்தவர் புதுச்சேரி இந்திரா காந்தி சிலை சிக்னலில் மாட்டுவதும் இந்தச் சாலையில் அன்றாடக் காட்சி. இப்போது யாரும் கையைக் காட்டி நிறுத்த வேண்டிய அவசியம்கூட இல்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, போக்குவரத்து விதிமீறலுக்கான அபராத அறிவிப்பான சலான் கைப்பேசிக்குச் செய்தியாக வருகிறது.

வந்த செய்தியில் எல்லோரும் முதலில் தேடுவது தொகையை. "ஆயிரம் ரூபாய்தானே, கட்டித் தொலைப்போம்" என்கிறார் ஒருவர். "நான் தப்பே செய்யவில்லை, ஒரு ரூபாய்கூடக் கட்டமாட்டேன்" என்கிறார் மற்றவர். இருவருமே தொகையைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். வக்கீலிடம் போவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது, தொகைக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் சட்டப் பிரிவின் எண்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் தண்டனைகள் ஏறின. அதில் 177ஆவது பிரிவு பொதுவான சில்லறை விதிமீறல்களுக்கானது. முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்த முறை 1,500 வரை. அதோடு சரி. தலைக்கவசம் இல்லாததற்கான 194-டி பிரிவும் பார்வைக்குச் சிறியதுதான், 1,000 ரூபாய். ஆனால் அதே வரியிலேயே 3 மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பும் எழுதியிருக்கிறது. இருசக்கர வாகனத்தில் மூன்று பேர் போனால் 194-சி; அங்கும் அதே 1,000, அதே 3 மாதம். சாலையில் நிறுத்தப்படும் எல்லோருக்கும் உரிமத்தைப் பறிப்பதில்லை என்பது உண்மை. பறிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதும் உண்மை. சொந்த ஸ்கூட்டரில் கடைக்குப் போய்வரும் ஒருவருக்கு அது தொல்லை. சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேன் ஓட்டும் ஒருவருக்கு 3 மாதச் சம்பளம். ஒரே சலான், இரண்டு பேருக்கு இரண்டு விலை.

ஆகவே வழிகளை ஒப்பிடும்போது, எது மலிவு என்ற கேள்வியோடு, எந்தப் பிரிவுக்கு எது பொருந்தும் என்ற கேள்வியையும் சேர்த்தே பார்ப்போம்.

பேசாமல் கட்டிவிடுவது

தவறு உங்களுடையது, பிரிவு 177 போன்ற சிறியது, உரிமத்துக்கு ஆபத்து இல்லை என்றால் கட்டிவிடுங்கள். இதற்கு யாருடைய ஆலோசனையும் தேவையில்லை. 500 ரூபாய்ச் சலானுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருப்பது கொள்கைப் பிடிப்பாக இருக்கலாம், கணக்குக்கு ஒத்துவராது.

ஆனால் "கட்டினால் முடிந்துவிட்டது" என்ற நம்பிக்கை பாதிதான் சரி. காவல் துறையோ போக்குவரத்துத் துறையோ பணம் வாங்கிக்கொண்டு வழக்கை முடித்துவைக்கும் அதிகாரம் 200ஆவது பிரிவிலிருந்து வருகிறது. 2019 திருத்தம் அந்தப் பிரிவோடு இரண்டு வால்களை ஒட்டியது. முதலாவது, இப்படி இணக்கமாக முடித்த குற்றமும் முந்தைய குற்றமாகவே எண்ணப்படும். அதே தவறு மீண்டும் நடந்தால் இரண்டாம் முறைக்கான தண்டனை. இரண்டாவது, பணம் கட்டியதால் 206(4)இன் கீழ் உரிமத்தின் மீது எடுக்கும் நடவடிக்கை நின்றுவிடாது. 206(4) என்பது, அதிவேகம், ஆபத்தாக ஓட்டுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், தலைக்கவசமின்மை, மூவர் பயணம் போன்றவற்றில் காவலர் உரிமத்தைக் கைப்பற்றி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்ப வழி செய்யும் பிரிவு. செய்யாத தவறுக்காக "சனியன் போகட்டும்" என்று கட்டுகிறவர், தன் பெயரில் ஒரு முதல் குற்றத்தை விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறார்.

இன்னொன்று. 200ஆவது பிரிவின் பட்டியலில் எல்லாக் குற்றங்களும் இல்லை. குடித்துவிட்டு ஓட்டும் 185 அதில் இல்லை. ஆபத்தாக ஓட்டும் 184இல், ஓட்டும்போது கைப்பேசியைப் பயன்படுத்துவது மட்டுமே இணக்கமாக முடிக்கத் தக்கது. மற்றவை நீதிமன்றத்துக்கு உரியவை. சிவப்பு விளக்கைத் தாண்டியதை எந்தப் பிரிவில் எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது சில்லறை விஷயமாகவும் இருக்கலாம், சிறைத்தண்டனைக்கு இடமுள்ள வழக்காகவும் இருக்கலாம். சலானை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.

நாமே முறையிடுவது

பெரும்பாலான நியாயமான புகார்களுக்கு இதுவே முதல் வழி. வக்கீல் வேண்டாம், செலவு இல்லை. வேண்டியது பொறுமையும் காகிதமும். பரிவாகன் இ-சலான் தளத்திலேயே குறை தெரிவிக்கும் பகுதி இருக்கிறது. அதில் பதிவு செய்துவிட்டு, அதன் நகலோடு சலான் போட்ட பகுதியின் போக்குவரத்துக் காவல் உயரதிகாரிக்கு ஒரு மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோ கையெழுத்தோ வாங்கிவிட வேண்டும். தளத்தில் எழுதிவிட்டு மனு கொடுக்காமல் இருப்பவர்கள் பல மாதம் காத்திருக்கிறார்கள்.

கேமரா சலான்களில் புகைப்படமே பாதி வழக்கு. அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். அரியாங்குப்பத்தில் பழக்கடை வைத்திருக்கும் ஒருவருக்குத் தலைக்கவசச் சலான் வந்தது. படத்தில் கறுப்பு ஸ்கூட்டர். அவருடையது சாம்பல் நிறம். எண் பலகையில் கடைசி இலக்கத்தின் மேல் சேறு தெறித்திருந்ததால் 3 என்பது 8 ஆகப் படிக்கப்பட்டிருந்தது. அவர் செய்தது இவ்வளவுதான்: தன் வண்டியை அதே கோணத்தில் படமெடுத்தார். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் நிறமும் மாடலும் உள்ள பக்கத்தை நகலெடுத்தார். இரண்டையும் சலான் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, "வண்டியின் நிறம், பின் விளக்கின் வடிவம், பக்கக் கண்ணாடி மூன்றும் வேறு" என்று நான்கு வரி எழுதினார். தன் நேர்மையைப் பற்றியோ குடும்பக் கஷ்டத்தைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. அந்த மனு வேலை செய்தது. மனுவைப் படிக்கும் அதிகாரிக்கு உங்கள் கோபம் பயன்படாது. ஒரு நிமிடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய இரண்டு படங்கள் பயன்படும்.

கேமரா சலானை எதிர்க்க இன்னும் சில பிடிகள் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட 167-ஏ, மின்னணுக் கண்காணிப்புக்கு நிபந்தனைகள் வைக்கிறது. குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். கருவிக்கு மாநில அரசு நியமித்த அதிகாரியின் அங்கீகாரச் சான்று இருக்க வேண்டும். கண்காணிப்பு இருப்பதை ஓட்டுநருக்குத் தெரிவிக்கும் பலகைகள் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அதிவேகச் சலான் என்றால் கருவி அளந்த வேகம் சலானில் இருக்க வேண்டும். வேகக் கட்டுப்பாடு, ஒருவழிப் பாதை, வாகனம் நிறுத்தத் தடை ஆகியவற்றுக்கும் அடிப்படையாக ஓர் ஆணையும், சாலையில் ஒரு பலகையும் தேவை. புதுச்சேரியின் பழைய நகரத் தெருக்களில் ஒருவழிப் பாதை ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை. மரக்கிளைக்குப் பின்னால் மறைந்த பலகைகளுக்கும் குறைவில்லை. அப்படி ஒரு பலகை என்றால் அன்றைக்கே, தேதி தெரியும்படி, ஓட்டுநரின் உயரத்திலிருந்து படமெடுத்து வையுங்கள். கருவியின் சான்றையும் தடை ஆணையையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் கெடு.

ஆவணம் கையில் இல்லை என்ற சலானில் ஒரு நுணுக்கம். டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் செயலியிலோ உள்ள உரிமமும் ஆர்.சி.யும் அசலுக்குச் சமம் என்று 2018இலேயே விதி 139 திருத்தப்பட்டுவிட்டது. கைப்பேசியில் எடுத்த சாதாரணப் புகைப்படத்துக்கு அந்த மதிப்பு இல்லை. கேட்டபோது எதைக் காட்டினீர்கள் என்பதில்தான் வழக்கு நிற்கும்.

விற்ற வண்டிக்குச் சலான் வருவது இந்தப் பகுதியில் தனி ரகம். புதுச்சேரிப் பதிவெண் வண்டிகள் கடலூர், பண்ருட்டி, விழுப்புரம் பக்கம் கைமாறுவது அதிகம். பெயர் மாற்றம் மட்டும் நடப்பதில்லை. சட்டப்படி விற்றவர் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில் விண்ணப்பிக்க வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே இந்த வகையில் சலானை மட்டும் எதிர்த்துப் பயனில்லை. விற்பனைக் கடிதம், வண்டியை ஒப்படைத்த ரசீது, வாங்கியவரின் அடையாள நகல் இவற்றோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வேரைச் சரிசெய்ய வேண்டும். இது மனு எழுதும் கட்டத்தைத் தாண்டி ஆலோசனை கேட்கும் கட்டத்துக்குள் போகும் இடம்.

இலவசச் சட்ட உதவி

இந்த வழியை மக்கள் மறந்தே போயிருக்கிறார்கள். "அது ரொம்ப ஏழைகளுக்கு", "அது கொலை வழக்குக்கு" என்று இரண்டு தவறான எண்ணங்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம், 12ஆவது பிரிவில், யாருக்கெல்லாம் இலவச வழக்கறிஞர் என்று பட்டியலிடுகிறது: பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், இயற்கைப் பேரிடரால் பாதிக்கப்பட்டவர்கள், மேலும் வருமான வரம்புக்குள் வருபவர்கள். இந்த வருமான வரம்பு கடைசியில் சொன்னவர்களுக்குத்தான். பெண்ணுக்கு எவ்வளவு வருமானம் இருந்தாலும் உரிமை உண்டு. கடலூரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் புதுச்சேரிக்கு வேலைக்கு வரும் ஒரு செவிலியர், ஆபத்தாக ஓட்டினார் என்று வழக்குப் போடப்பட்டால், கட்டணமில்லாமல் வழக்கறிஞர் கேட்கலாம். வருமானத்தின் அடிப்படையில் கேட்பவர்களுக்கும், அதற்கான உறுதிமொழிப் பத்திரமே போதுமானதாக ஏற்கப்படலாம் என்கிறது அடுத்த பிரிவு.

எங்கே போவது? கடலூரில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. சிதம்பரம், விருத்தாசலம் போன்ற இடங்களில் வட்டச் சட்டப்பணிகள் குழு. புதுச்சேரியில் யூனியன் பிரதேசத்துக்கான ஆணையம். நீதிமன்ற வளாகத்துக்குள் போய் "சட்ட உதவி ஆபீஸ்" என்று கேட்டால் யாரும் காட்டிவிடுவார்கள். வெள்ளைத் தாளில் பெயர், முகவரி, வழக்கு விவரம், எந்த அடிப்படையில் உதவி கேட்கிறீர்கள் என்பதை எழுதிக் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாதவர்களுக்கு அங்குள்ள சார்பு சட்டத் தன்னார்வலர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். தொலைபேசியில் முதல் ஆலோசனை கேட்க 15100 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. பொதுச் சேவை மையங்களிலும் டெலி-லா திட்டத்தின் வழியாக ஒரு வழக்கறிஞரோடு பேசலாம்.

குறையும் சொல்ல வேண்டும். வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பது உங்கள் கையில் முழுமையாக இருக்காது. நியமிக்கப்பட்டவருக்கு ஆணைக்குழு கொடுக்கும் கட்டணம் குறைவு. சிலர் அதற்கேற்பவே உழைக்கிறார்கள், வேறு சிலர் காசு வாங்குபவர்களைவிட நன்றாக வாதாடுகிறார்கள். உங்கள் அதிர்ஷ்டம். நியமனத்துக்கு நாளும் பிடிக்கும். நாளை ஆஜராக வேண்டும் என்று சம்மன் வைத்துக்கொண்டு இன்று மாலை போய் நின்றால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. சம்மன் வந்த அன்றே போக வேண்டும்.

என் கருத்தில், இந்த அலுவலகத்தின் பெரிய பயன் இலவச வழக்கறிஞரைவிட இலவச ஆலோசனைதான். "இந்தப் பிரிவில் ஒப்புக்கொண்டால் எனக்கு என்ன ஆகும்?" என்ற ஒரு கேள்விக்கு அரை மணி நேரத்தில் பதில் கிடைத்துவிட்டால், தனி வழக்கறிஞர் தேவையா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

காசு கொடுத்து வழக்கறிஞர் வைப்பது

சாதாரணச் சலானுக்கு வழக்கறிஞர் வைத்தால் கட்டணம் அபராதத்தை விழுங்கிவிடும். இதை நல்ல வழக்கறிஞர்களே முதல் சந்திப்பில் சொல்லிவிடுவார்கள். சொல்லாதவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

அபராதம் பெரிதாகும்போதும், உரிமம் போகும் ஆபத்து வரும்போதும் கணக்கு தலைகீழாகிறது. அதிக பாரம் ஏற்றிய லாரிக்கு 194ஆவது பிரிவில் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. அங்கே எடைமேடைச் சீட்டு யாருடையது, எப்போது எடை போட்டார்கள் என்று கேட்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். காப்பீடு இல்லாத வண்டிக்கு முதல் முறை 2,000, அடுத்த முறை 4,000. தொகை நடுத்தரம்தான், ஆனால் சிறைக்கும் இடமுள்ள பிரிவு அது.

வழக்கறிஞர் கவனிப்பதும் நாம் கவனிக்காததும் பெரும்பாலும் நாட்கணக்கு. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை 6 மாதத்துக்குள்ளும், ஓராண்டு வரை சிறைக்கு உரியதை 1 ஆண்டுக்குள்ளும் நீதிமன்றம் கோப்புக்கு எடுக்க வேண்டும் என்பது பொது விதி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 514. தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கவும் முடியும். ஆகவே பழைய சலான் தானாகச் செத்துவிட்டது என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல ஆள் வேண்டும். கேமரா பதிவைச் சாட்சியமாக ஏற்க வேண்டுமானால் அதற்குரிய மின்னணுச் சான்றிதழ் வேண்டும் என்பதும் இதே வகைதான்.

எல்லைச் சிக்கல் இங்கேதான் வருகிறது. தவறு எங்கே நடந்ததாகச் சொல்லப்படுகிறதோ அந்த எல்லைக்குரிய நீதிமன்றத்தில்தான் வழக்கு. வண்டி பி.ஒய்.-01 ஆக இருந்தாலும், சலான் ரெட்டிச்சாவடியில் போட்டிருந்தால் கடலூர் பக்கம்தான் போக வேண்டும். டி.என்.-31 வண்டிக்கு நெல்லித்தோப்பில் சலான் என்றால் புதுச்சேரி நீதிமன்றம். இணக்கத் தொகையையும் இரு அரசுகளும் தனித்தனியாகவே அறிவிக்கின்றன. தமிழ்நாடு திருத்தப்பட்ட தொகைகளை 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதனால் இந்தப் பக்கம் கேட்ட தொகையை வைத்து அந்தப் பக்கம் சண்டை போட முடியாது. நல்ல வேளையாக வழக்கறிஞர்களுக்கு எல்லை இல்லை. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் ஒரே பார் கவுன்சில், ஒரே உயர் நீதிமன்றம். ஆனாலும் வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் தினமும் நிற்பவரை வைப்பதே புத்திசாலித்தனம். புதுச்சேரி வழக்கறிஞர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடலூர் வர வேண்டுமென்றால் அந்தப் பயணத்துக்கும் நீங்கள்தான் கொடுப்பீர்கள்.

எப்படித் தேடுவது? வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதை பார் கவுன்சில் விதி 36 தடுக்கிறது. ஆகவே "100 சதவீதம் சலான் ரத்து" என்று கைப்பேசிக்கு விளம்பரம் அனுப்புகிறவரை அந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கிவிடலாம். ஜெயித்தால் மட்டும் இவ்வளவு என்று பேசுவதற்கும் விதி 20 தடை. பெரிய பெயர்களைத் தேடவும் வேண்டாம். குற்றவியல் நடுவர் மன்றத்தில் சில ஆண்டு அனுபவமுள்ள இளையவர்தான் இந்த வேலைக்குப் பொருத்தம். பெரியவரிடம் கொடுத்தாலும் வழக்குக் கட்டை அந்த இளையவர்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார். முதல் சந்திப்பில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மொத்தக் கட்டணமா, வாய்தாவுக்கு இவ்வளவா? நான் எத்தனை முறை நேரில் வர வேண்டும்? தோற்றால் அதிகபட்சம் என்ன ஆகும்? மூன்றாவது கேள்விக்கு "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்பவரிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நிரப்பாத வக்காலத்தில் யாரிடமும் போடாதீர்கள்.

நேரில் வருவது பற்றி ஒரு செய்தி. சிறு வழக்குகளில் சம்மனிலேயே, வழக்கறிஞர் மூலம் ஆஜராகலாம் என்றோ, குற்றத்தை ஒப்புக்கொண்டு பதிவுத் தபாலில் கடிதமும் தொகையும் அனுப்பலாம் என்றோ நீதிமன்றம் குறிப்பிடுவதற்கு 208ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. வெளியூரில் வேலை செய்பவர்கள் சம்மனைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும். ஒப்புக்கொள்வதற்கு முன் இதையும் நினைவில் வைக்கவும்: ஒப்புக்கொண்ட பிறகு "நான் குற்றவாளி அல்ல" என்று மேல்முறையீடு செய்ய வழி அநேகமாக அடைபட்டுவிடும், தண்டனையின் அளவைப் பற்றி மட்டுமே பேச முடியும். சலான்களை இணையத்திலேயே கையாளும் இணைய நீதிமன்றத்துக்குப் போன சலானிலும் இதே நிலைதான். அங்கே பணம் கட்டும் பொத்தானும் எதிர்க்கும் பொத்தானும் அருகருகே இருக்கின்றன. எதிர்ப்பதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். பிறகு வாய்தாக்களுக்குத் தயாராக இருக்க வேண்டும்.

மக்கள் நீதிமன்றமும் மற்றவையும்

தேசிய மக்கள் நீதிமன்றம் ஆண்டில் சில முறை இரு ஊர்களிலும் கூடுகிறது. இணக்கமாக முடிக்கத் தக்க வழக்குகளுக்கு மட்டுமே அங்கே அதிகாரம். தவறை ஒப்புக்கொள்கிறேன், நிலுவையில் உள்ளவற்றை ஒரே நாளில் முடித்துக்கொள்கிறேன் என்பவருக்கு நல்ல இடம். "நான் செய்யவே இல்லை" என்பவருக்கு அங்கே வேலை இல்லை; அது சமரச மேடை, அதன் தீர்வுக்கு மேல்முறையீடும் கிடையாது.

ஆர்.டி.ஓ. வாசலிலும் நீதிமன்ற வாசலிலும் "கொடுங்கள், நான் முடித்துத் தருகிறேன்" என்பவர்களைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. அவர்கள் செய்வது பெரும்பாலும் உங்கள் சார்பில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டுவது. கட்டும் தொகைக்கும் வாங்கும் தொகைக்கும் உள்ள வித்தியாசமே அவர்கள் பிழைப்பு. சில சமயம் அதைக்கூடக் கட்டுவதில்லை.

வாட்ஸ்அப்பில் வரும் சலான் அதைவிட மோசம். செயலியை நிறுவச் சொல்லி ஏ.பி.கே. கோப்போடு வரும் எந்தச் செய்தியும் மோசடி. உண்மையான தளத்தின் முகவரி ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என். என்று முடியும். வண்டி எண்ணை அங்கே நீங்களே தட்டிப் பார்த்தால் சலான் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். தொட்டுத் தொலைத்துவிட்டவர்கள் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும்.

ஒப்பீடு பார்க்கவே கூடாத மூன்று இடங்கள்

குடித்துவிட்டு ஓட்டியதாக வழக்கு. எல்லை தாண்டிப் புதுச்சேரிக்கு வந்து போகிறவர்கள் அதிகம் என்பதால் இரு பக்கமும் இந்தச் சோதனை கடுமை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் 185ஆவது பிரிவு: 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், மறுமுறை 2 ஆண்டு, 15,000. ஊதிப் பார்த்த கருவியின் அச்சுச் சீட்டு, கைது செய்திருந்தால் மருத்துவப் பரிசோதனை நடந்த நேரம் இவற்றை எல்லாம் படித்துப் பார்க்க வழக்கறிஞர் தேவை. பரிசோதனை கைதான 2 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும் என்று 202ஆவது பிரிவு சொல்கிறது.

பதினெட்டு வயது ஆகாத பிள்ளை ஓட்டியது. 199-ஏ பிரிவில் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்; வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து; பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. பிளஸ் டூ படிக்கும் பையனை டியூஷனுக்கு ஸ்கூட்டரில் அனுப்பும் வீடுகள் லாசுப்பேட்டையிலும் மஞ்சக்குப்பத்திலும் எத்தனை! தெரியாமல் நடந்தது, தடுக்க உரிய கவனம் எடுத்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பும் பெற்றோர் தலையில்தான். வண்டி தாயின் பெயரில் இருந்து அவர் மேல் வழக்கு வந்தால், முன்பு சொன்ன இலவசச் சட்ட உதவி அவருக்கு முழு உரிமை.

யாருக்காவது அடிபட்ட வழக்கு. அலட்சியமாக ஓட்டியதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆவது பிரிவில் அபராதம் 1,000 ரூபாய் வரைதான் என்று பார்த்து, ஒப்புக்கொண்டு கட்டிவிடுகிறார்கள். அந்த ஒப்புதல் பிறகு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அவர்களுக்கு எதிராக எடுத்து வைக்கப்படுகிறது. இலவசமோ கட்டணமோ, வழக்கறிஞரைப் பார்க்காமல் இந்த வழக்கில் ஒரு தாளிலும் கையெழுத்து வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் கடைசி வேலை ஒன்று பாக்கி இருக்கும். நீதிமன்றத்தில் கட்டியதோ, ரத்தானதோ, இ-சலான் தளத்தில் உடனே ஏறிவிடுவதில்லை. அங்கே "நிலுவை" என்றே நின்றால், பெயர் மாற்றத்துக்கோ தகுதிச் சான்றுக்கோ தடையின்மைச் சான்றுக்கோ ஆர்.டி.ஓ. அலுவலகம் போகும் அன்று வண்டி மாட்டிக்கொள்ளும். உத்தரவின் சான்றிட்ட நகலையோ ரசீதையோ வாங்கி வைத்துக்கொண்டு, சில வாரம் கழித்துத் தளத்தில் வண்டி எண்ணைத் தட்டிப் பாருங்கள். இன்னும் நிலுவை என்றே இருந்தால், சலான் போட்ட காவல் பிரிவில் அந்த நகலோடு ஒரு மனு கொடுத்து, அதற்கும் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிவிடுங்கள்.